உண்மையான ஏழைக்குப் பன்னிரண்டு கேள்விகள்

ஒருவரை அவரைப் பற்றியே சிரிக்க வைத்துவிட்டால் அவருக்கு வெட்கம் வரும், வெட்கம் வந்தால் மாறிவிடுவார் என்று ஐம்பத்தோரு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். என் கதையை எடுத்துப் பார்த்திருந்தாலே போதும். என் தொப்பையைப் பற்றி மனைவி இருபத்தைந்து வருஷமாகக் கேலி செய்கிறாள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன், தொப்பை அதன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய ஆதாரத்தை எந்நேரமும் சுமந்துகொண்டு திரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு நான் பொறுப்பு. சம்பளம் இல்லாத இன்னொரு பொறுப்பும் உண்டு. கம்பெனியில் என்ன விசேஷம் என்றாலும் மைக்கைப் பிடித்து ஆட்களைச் சிரிக்க வைக்க வேண்டும். ஆயுத பூஜைக்குப் பொரிகடலை எப்படியோ அப்படி நான். மேனேஜர் மாதிரி நடந்து காட்டுவேன், கட்டிங் மாஸ்டர் மாதிரி இருமிக் காட்டுவேன், சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வந்தால் முதலாளி பேசுகிற இங்கிலீஷை அப்படியே பேசிக் காட்டுவேன். முதலாளியே விழுந்து விழுந்து சிரிப்பார். அடுத்த பையர் வரும்போதும் அதே இங்கிலீஷைத்தான் பேசுவார்.

அந்த வருஷம் முதலாளியின் அப்பா காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அவர் நினைவாகத் தொழிலாளி ஒருவரின் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்து, படிப்பு முடியும் வரை ஹாஸ்டல் உட்படத் தாங்களே பார்த்துக்கொள்வதாக முதலாளியம்மா அறிவித்தார். நல்ல காரியம். யாரும் கேட்டுச் செய்ததல்ல. அறிவிப்பின் கடைசியில் மட்டும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: "உண்மையிலேயே கஷ்டப்படற குடும்பமாப் பார்த்துத்தான் குடுப்போமுங்க."

அந்த 'உண்மையிலேயே'தான் வினை. அதுவரை எல்லாரும் சும்மா ஏழைகளாக இருந்தோம். மறுநாளிலிருந்து எங்களில் இரண்டு ரகம் வந்துவிட்டது, எக்ஸ்போர்ட் சரக்கு, ரிஜெக்ட் சரக்கு என்று.

ஏழு குடும்பங்கள் பெயர் கொடுத்தன. அதில் ஒன்று, என் பேக்கிங் மேஜைக்கு நேர் எதிரே, செக்கிங் டேபிளில் ஒன்பது வருஷமாக நிற்கும் அம்மிணியுடையது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். பனியனை வெறுமனே தடவியே ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவார். வீட்டுக்காரர் லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து, இடுப்பு உடைந்து, நாலு வருஷமாகக் கட்டிலில் கிடந்தார். படுத்தபடியே பிசிறு வெட்டிக் கொடுப்பார். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளைக் கத்தரிக்கிற வேலை அது. ஒரே பெண். அப்பாவின் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டிக் கட்டியே, படித்தால் நர்சிங்தான் என்று முடிவு செய்தவள். பிளஸ் டூவில் நல்ல மார்க். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. ஜூன் பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் என் சேட்டை.

டீ நேரத்தில் தீர்ப்புகள் ஆரம்பமாயின.

"செக்கிங் அம்மிணியூட்டு டி.வி.யப் பார்த்தீங்களா? முப்பத்திரண்டு இஞ்சுங்க," என்றார் மேனேஜர்.

"படுத்தே கெடக்கற மனுசன் வேறெதைங்க பார்ப்பாரு? விட்டத்தையா?" என்றேன்.

"பார்க்கட்டுமுங்க, ஆரு வேண்டாம்னா? பார்த்துப்போட்டு நாங்களும் ஏழைன்னு வரக்கூடாதுல்ல."

எச்.ஆர். மேடம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "மவ ரிசல்ட்டுக்குக் கேக்கு வெட்டி ஸ்டேட்டஸ் வச்சிருந்தாவ சார். நான் பள்ளிக்கூடத்துலயே மொதலாவது வந்தப்போ எங்கம்மை ஒரு அதிரசம்கூடத் தரல."

"ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கறாங்க. பூப்போட்ட திரைங்க," என்றார் ஓவர்லாக் தைக்கிற ஒருவர். அவரும் தன் மகனுக்காகப் பெயர் கொடுத்திருந்தவர். "தெனமும் தலையில பூ வேற."

நானும் யோக்கியன் இல்லை. முந்தின தீபாவளிக்கு அம்மிணி புதுச் செல்போனோடு வந்தபோது, 'பரவாயில்லையே' என்று எனக்குள்ளும் ஒரு சொல் ஓடியது. அந்தப் 'பரவாயில்லையே'யைத்தான் மேடையேற்றி நாறடிக்க நினைத்தேன்.

வைகாசியில் கம்பெனியின் புது மாடிக்குப் பூஜை வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் என்னுடையது. அதற்காக அட்டைப் பெட்டி லேபிள்களின் பின்பக்கத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் எழுதினேன், உண்மையான ஏழையைக் கண்டுபிடிக்கும் படிவம். பன்னிரண்டு கேள்விகள். பதினொன்று சிரமமே இல்லாமல் வந்தன. டீ நேரத்தில் காதில் விழுந்ததை அப்படியே எழுதி, வாலில் கொஞ்சம் சரவெடி கட்டினேன்.

பன்னிரண்டாவது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் விழுந்த வாரம் அம்மிணியின் வீட்டுக்குப் பார்க்கப் போயிருந்தேன். உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, அந்தப் பெண் பின்பக்கமாகக் கடைக்கு ஓடுவது தெரிந்தது. கட்டிலில் மனுஷன் முனகிக்கொண்டிருக்கிறார். இங்கே அம்மிணி டீயை ஆற்றி, தட்டில் பிஸ்கெட்டை வட்டமாக அடுக்கி என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். எதற்காகப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அவருக்கும் பூர்வீகம் சேவூர்ப் பக்கம்தான். எங்கள் தோட்டத்தில் வேலை செய்த ஆட்கள் அவர் குடும்பத்தார். என் அப்பா அவர்கள் வாசலுக்கு வெளியே நின்று கூப்பிடுவாரே தவிர, உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. தோட்டம் கைமாறிப் பல வருஷமாகிவிட்டது. பெருமையை மட்டும் யாரும் விலைக்குக் கேட்காததால் அது எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

குடித்தேன். இரண்டு பிஸ்கெட்டும் தின்றேன். அவர் முகம் தெளிந்தது. என்னமோ ரத்த தானம் கொடுத்துவிட்டு வந்தவன் மாதிரி அன்று வீட்டில் விவரித்தேன். மனைவி, "டீ நல்லா இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தத் தட்டின் நினைவிலிருந்துதான் பன்னிரண்டாவது கேள்வியை எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அம்மிணிக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தேன்.

பூஜை நாள். மேனேஜரின் கண்ணாடியை இரவல் வாங்கி மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, அதிகாரி குரலில் ஆரம்பித்தேன்.

"உண்மையான ஏழைக்கான தகுதிப் படிவம். போலி ஏழைகள் வரிசையை விட்டு விலகவும். கேள்வி ஒன்று: விண்ணப்பதாரர் கடைசியாக எப்போது சிரித்தார்? சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். கேள்வி இரண்டு: வீட்டில் டி.வி. உண்டா? உண்டு என்றால் ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் யாரைக் கேட்டு ஓடுகிறது? ஜன்னலுக்குத் திரை உண்டா? ஏழையிடம் மறைக்க என்ன இருக்கிறது? பிள்ளை மார்க் வாங்கியபோது கேக் வெட்டப்பட்டதா? மெழுகுவத்தியை ஊதிய குற்றவாளி யார்? தலையில் பூ வைப்பவரா? வாடிய பூ என்றால் சலுகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை குழம்பு வாசம் எத்தனை வீடு தாண்டிப் போகிறது? அளந்து சொல்லவும்."

கூட்டம் உருண்டது. தமிழ் தெரியாத ஒடிசாப் பையன்கள்தான் அதிகம் சிரித்தார்கள். என் மூக்கைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். மேனேஜர் தொடையில் தட்டிக்கொண்டார். எச்.ஆர். மேடத்துக்குப் புரையேறியது. ஒவ்வொரு சிரிப்புக்கும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது: இதோ இவருக்கு உறைத்துவிட்டது, இதோ இவருக்கும்.

"கடைசிக் கேள்வி. வீட்டுக்கு வந்தவருக்கு டீயோடு பிஸ்கெட்டும் வைப்பவரா? ஆம் என்றால், விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டு இப்படியே கிளம்பவும். வந்தவரை வெறும் வாயோடு திருப்பி அனுப்பும் மனவலிமை இல்லாதவர்களுக்கு ஏழையாக இருக்கத் தகுதி கிடையாது."

கைதட்டல் நிற்கவே நேரமாயிற்று. அம்மிணி அங்கே இல்லை. வீட்டுக்காரரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று சாப்பாட்டுப் பந்தி முடிந்ததுமே போய்விட்டார்.

மேடையை விட்டு இறங்கியபோது முதலாளியம்மா கையசைத்துக் கூப்பிட்டார். கண்ணில் சிரித்த ஈரம் இருந்தது. "அந்தப் பேப்பரக் குடுங்ணா," என்றார். கொடுத்தேன். லேபிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

சிரிப்பவர் எதற்குப் பேப்பரை வாங்குகிறார்? சாட்சிக்கு. வேறு எதற்கு? பதினாறு வருஷ வேலை நாலாக மடிந்து ஒரு பைக்குள் போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. வரலாற்றில் எந்தக் கோமாளியும் அப்படி ஒரு ஞாயிற்றைக் கழித்திருக்க மாட்டான். காலையில் மன்னிப்பு வாசகம் மூன்று தயாரித்தேன். ஒன்று கண்ணீர் ரகம். இரண்டாவது, பி.பி. மாத்திரையின் பக்கவிளைவு என்று பழி போடுவது. மூன்றாவது, எழுதியதே நான் இல்லை என்பது; கையெழுத்து என்னுடையது என்பதால் அதைக் கைவிட்டேன். கண்ணாடி முன் நின்று முதல் ரகத்தை ஒத்திகை பார்த்தேன். அழுகை வராமல் கொட்டாவி வந்தது.

"ஏனுங்க, பல்லு வலிங்களா?" என்றாள் மனைவி.

"வேலை போயிருமாட்ட இருக்குது."

"போனாப் போகுது. ஊட்டுல உக்காந்துக்கிட்டு என்னையச் சிரிக்க வெய்யுங்க. இத்தனை வருசத்துல ஒரு நாளும் வெச்சதில்ல."

பிறகு அவிநாசிக்குக் கிளம்பினேன். அங்கே நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் சித்தப்பா மகனிடம், வாட்ச்மேன் வேலை காலியிருக்கிறதா என்று கேட்டேன். "நீ காவலுக்கு நின்னா திருடன் சிரிச்சுக்கிட்டே நூலத் தூக்கிட்டுப் போயிருவானேப்பா," என்றான். அப்படியே கோயிலுக்குப் போய், வேலை தப்பித்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு மிச்சமிருக்கும் முடிக்கு அது ஒன்றும் பெரிய காணிக்கை இல்லை. சாமிக்கும் தெரியும்.

அன்று முழுக்க எனக்கு நினைவுக்கு வராத ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் ஜூன் பத்தாம் தேதி.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆபீஸ் அறைக்கு வரச் சொன்னார்கள். கண்ணீர் ரகத்தைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டு போனேன். முதலாளியம்மா நாற்காலியைக் காட்டினார். காபி வந்தது. வேலையை விட்டுத் தூக்குவதற்கு முன் காபி தருவது கௌரவமான வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங்ணா, இவ்வளவு ஆழமா யோசிப்பீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க," என்றார். "நாங்களும் ஒரு மாசமா மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிட்டு இருக்கறோம். ஆரு உண்மையான ஏழைன்னு எப்புடிக் கண்டுபுடிக்கறதுன்னு. நீங்க சிரிக்கச் சிரிக்கச் சொல்லிப்போட்டீங்க. ஒவ்வொண்ணும் நல்ல பாயிண்டுங்க."

எச்.ஆர். மேடம் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். மேலே கம்பெனி முத்திரை. கீழே வரிசையாகப் பன்னிரண்டு கேள்விகள், எதிரே ஆம், இல்லை என்று கட்டங்கள். சரவெடியை எல்லாம் கத்தரித்துவிட்டு நேராக டைப் செய்திருந்தார்கள். 'கடைசியாக எப்போது சிரித்தார்' என்பது 'குடும்பத்தின் மனநிலை: மகிழ்ச்சி' ஆகியிருந்தது. குழம்பு வாசம் 'உணவுப் பழக்கம்: அசைவம்' ஆகியிருந்தது. பன்னிரண்டாவது, 'விருந்தினர் உபசரிப்பு: டீ, பிஸ்கெட்.'

கேலியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது அவர்கள் டீ நேரத்தில் பேசியதுதான். அவர்கள் வாயிலிருந்துதானே எடுத்தேன்? தங்கள் பொருள் திரும்பி வந்ததும் அடையாளம் கண்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, 'அம்மா, இது உங்களையும் சேர்த்துப் பழிச்சு எழுதினதுங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சரீங்கம்மா."

வேலை தப்பித்த சந்தோஷத்தில் உடம்பே லேசாகி மிதந்தது. காபியைக் குடித்தேன். நல்ல காபி. "வியாழக்கெழம ஊடு ஊடாப் போய்ப் பார்க்கறோம். நீங்களும் கூட வாங்க, கேள்வி எழுதினவரு இருந்தா நல்லது," என்றார். அதற்கும் சரீங்கம்மா.

என் மேஜைக்குத் திரும்பி, எதிரே அம்மிணி பனியனைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் காபி உள்ளே கசந்தது.

புதன்கிழமை சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் அவர் கூடவே வீட்டுக்குப் போனேன். நாளைக்கு என்ன பார்க்க வருகிறார்கள் என்று சொன்னேன். அந்தக் கேள்விகளை யார் எழுதியது என்பதைச் சொல்லவில்லை; என் மேடைப் பேச்சு அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. "கம்பெனியில ஒரு ஃபாரம் போட்டிருக்கறாங்க," என்று யாரோ மூன்றாம் மனுஷனைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னேன். பிறகு, நாடகம் போடுகிறவன் புத்தி எங்கே போகும், வீட்டை ஏழை வீடாக மாற்றும் வேலையில் இறங்கினேன்.

"டி.வி.யப் பக்கத்தூட்டுல வெச்சிரு அம்மிணி. திரையக் கழட்டிரு. நாளைக்குப் பூ வேண்டாம்."

"ஏனுங்ணா, நாங்க ஏழைதானுங்களே. அதை நடிச்சு வேற காட்டோணுங்களா?"

"ஒரு நாளைக்குத்தான்."

கட்டிலிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார். "இந்தக் கட்டிலும் நல்ல கட்டிலுங்க. என்னையக் கீழ போட்டுட்டு இதையும் தூக்கிருங்க."

"நீங்க சும்மா இருங்க," என்றார் அம்மிணி. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பெண் ஸ்டூலில் ஏறித் திரையைக் கழற்றிக்கொண்டே, "நானும் மார்க்கக் கொறைச்சுச் சொல்லோணுங்களா?" என்றாள். கேலியாகக் கேட்டாளா, நிஜமாகக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேலியில் என்னை மிஞ்சுகிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேக் படத்தை ஸ்டேட்டஸிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து பதினொன்றையும் முடித்தேன். பன்னிரண்டாவதற்கு வந்ததும் வாய் கட்டிக்கொண்டது. அதைச் சொன்னால் அவருக்கு உடனே விளங்கிவிடும். நாலு வருஷத்துக்கு முன் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான். என் உபசரிப்பை எடுத்துக்கொண்டுபோய் மேடையில் வைத்துச் சிரித்தீர்களா என்று அவர் கேட்கக்கூட மாட்டார். பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துகொண்டு, "அவ்வளவுதான் அம்மிணி," என்று எழுந்துவிட்டேன். புறப்படும்போது, "டீ குடிச்சுட்டுப் போங்ணா," என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காரில் நாலு பேர் போனோம்: முதலாளியம்மா, மேனேஜர், எச்.ஆர். மேடம், நான். அம்மிணியின் வீடு நாலாவது. டி.வி. இருந்த சுவரில் சதுரமாக ஒரு வெளுத்த இடம் தெரிந்தது. அதன் மேல் முருகன் காலண்டரை மாட்டியிருந்தார்கள். அது பாதியைத்தான் மறைத்தது. யாரும் கவனிக்கவில்லை. ஜன்னல் வெறுமையாக இருந்தது. வெயில் நேராகக் கட்டிலில் விழுந்து, வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கும்பிட்டார். முதலாளியம்மா அவருடைய புண்ணைப் பற்றிக் கேட்டார். அந்தப் பெண் மருந்தின் பெயரையும் எத்தனை மணிக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும் என்பதையும் சொன்னாள். "டாக்டராட்டவே சொல்றியே கண்ணு," என்றார் முதலாளியம்மா. எச்.ஆர். மேடத்தின் பேனா இல்லை, இல்லை, இல்லை என்று சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பதினொரு 'இல்லை'. என் பயம் இறங்க ஆரம்பித்தது.

அப்போது அடுப்புப் பக்கமிருந்து அம்மிணி தட்டோடு வந்தார்.

கப்புகள் புதுசு. விளிம்பில் தங்கக் கோடு போட்ட பீங்கான் கப்புகள். ஒன்றின் அடியில் கடை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் பிஸ்கெட், அதே மாதிரி வட்டமாக. எதற்காகப் புதுக் கப் என்று எனக்குப் புரிந்தது. தாங்கள் புழங்கிய பாத்திரத்தில் கொடுத்தால் அவர்கள் தொடாமல் போய்விடலாம். யார் வாயும் படாத கப் என்றால் மறுக்க வழியில்லை. தட்டை முதலாளியம்மா முன்னால் நீட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன் என்னைப் பார்த்த அதே பார்வை.

முதலாளியம்மா கப்பை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். "நல்லாருக்குதும்மா," என்றார். "எங்க மாமனாரு காலம் வேறங்க. நாங்கெல்லாம் அதெல்லாம் பார்க்கறதில்ல." கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கப்பைக் கவிழ்க்காத குறையாக வைத்தார். ஒரு பிஸ்கெட்டும் எடுத்துக்கொண்டார். அம்மிணி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். கட்டிலில் இருந்தவர் மனைவி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

எச்.ஆர். மேடம் டீயைக் குடித்து முடித்து, கப்பைத் திருப்பி அந்தக் கடை ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, மடியில் இருந்த தாளில் பன்னிரண்டாவது கட்டத்தில் 'ஆம்' போட்டார்.

காரில் ஏறியதும் மேனேஜர் சொன்னார்: "பார்த்தீங்களாம்மா, புதுக் கப்பு செட்டுங்க. நம்மூட்டுலயே வந்தவங்களுக்கு எவர்சில்வர் டம்ளருதானுங்க."

"ஆமாங்க. பாவந்தான், ஆனா ஒரு மாதிரி வசதியாத்தான் இருக்கறாங்க," என்றார் முதலாளியம்மா. "ஃபாரம் இல்லீன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

அப்போதுதான் சொன்னேன். "அம்மா, அந்த ஃபாரத்தக் கிழிச்சுப் போடுங்க. அது கேள்வியே இல்லீங்க. இப்புடி ஏழைய நிறுத்து நிறுத்துப் பார்க்கறோமேன்னு உங்களையும் என்னையும் நக்கலடிச்சு எழுதினதுங்க. நீங்க வர்றீங்கன்னுதான் அந்தம்மா புதுக் கப்பு வாங்கியிருக்குது. நீங்க குடிக்கோணுமேன்னு."

மேனேஜர் வெடித்துச் சிரித்தார். முதலாளியம்மா முன் சீட்டிலிருந்து திரும்பி, "உங்களுக்கு எங்க போனாலும் லொள்ளு போகவே போகாதுங்ணா," என்றார்.

"சத்தியமாங்கம்மா."

மேனேஜர் இன்னும் அதிகமாகச் சிரித்தார். அவர் மாதிரி நடித்துக் காட்டும்போது வழக்கமாக நான் சொல்லும் வார்த்தை அது. அதே குரலில்தான் இப்போதும் வந்திருக்கிறது. எச்.ஆர். மேடமும் சிரித்தார். டிரைவர் சிரித்தார். அப்புறம், இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன், நானும் சிரித்தேன்.

அயர்ன் செக்‌ஷனில் நிற்கிற ஒருவரின் மகனுக்கு அந்த இடம் போயிற்று. அவர் வீட்டில் எதுவுமே இல்லை. வீட்டில் ஆள் இல்லாததால் டீகூட இல்லை. நல்ல பையன், நன்றாகப் படிக்கிறான். அவனிடம் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு வந்து அம்மிணி கேட்டார்: "எதுலீங்ணா போச்சு? நீங்க சொன்னதெல்லாம் செஞ்சனுங்களே."

"தெரியல அம்மிணி," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பனியனைத் தடவிக்கொண்டிருந்தார். ஓட்டை எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது, அடுத்ததை எடுத்தார். "போனாப் போகுதுங்ணா. அந்தம்மா நம்மூட்டு டீய மிச்சம் வெக்காமக் குடிச்சாங்க பாருங்க. எங்கப்பன் உசுரோட இருந்து பார்த்திருந்தா நம்பியிருக்காது."

பேங்க்கில் கல்விக் கடனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பதில் வருவதற்குள் பத்தாம் தேதி போய்விட்டது. அந்தப் படிவத்தை அடுத்த வருஷமும் கம்பெனியில் எடுத்தார்கள். பன்னிரண்டு கேள்விகளும் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு விசேஷ நாட்களில் நான் மைக் பிடிப்பதில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்கிறேன், நம்புகிறார்கள். மொட்டை மட்டும் வேண்டியபடி போட்டுவிட்டேன்.

அந்த வருஷமே ஜூன் பதினொன்றாம் தேதி காலை கம்பெனி வேனில் அம்மிணியோடு அந்தப் பெண்ணும் வந்து இறங்கினாள். செக்கிங் டேபிளில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஸ்டோரிலிருந்து பிசிறு வெட்டும் கத்தரி ஒன்றை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தது நான்.